வெளிப்பக்கத்து டயர்

ஜூன் 3, சனி

இதை எழுதி முடித்தால்தான் எனக்குச் சோறு இறங்கும்.

மழை பிடிப்பதற்குள் டிப்பருக்கு டயர் மாற்றியாக வேண்டும். பின்னால் நான்கு டயர். இந்தப் பக்கம் உள்ளே ஒன்று, வெளியே ஒன்று. அந்தப் பக்கமும் அப்படியே. வெளிப்பக்கத்து இரண்டையும் கல் கடித்துக் கடித்து நூல் தெரிகிற நிலைக்குக் கொண்டுவந்துவிட்டது. பொன்னுரங்கம் டயர் கடைக்குப் போனேன். அந்த மனுஷன் நாற்காலியை விட்டு எழாமலேயே கேட்கிறார்: “வாங்கம்மா, சார் வரலீங்களா?”

சார், அதாவது என் வீட்டுக்காரர், பள்ளிக்கூடத்தில் கிளார்க். ஜாக்கியை எந்தப் பக்கம் பிடிப்பது என்று அவருக்குத் தெரியாது. அப்பாவின் மூன்று டிப்பரில் ஓட்டை வண்டியை எனக்குப் பங்காகத் தள்ளிவிட்டார்கள் என் இரண்டு அண்ணன்மாரும். ஒரே மாதத்தில் விற்றுவிட்டு உட்காருவேன் என்று நினைத்தார்கள். மூன்று வருஷமாக அதைக் கல்குவாரியில் ஓட்டிக்கொண்டிருப்பவள் நான். வண்டி என் பேரில், கோபமும் என் பேரில். இந்த ஆள் சாரைக் கேட்கிறார்!

முதலில் ரேடியல் டயரைக் காட்டினார். “நல்லா ஓடும்மா, டீசல் மிச்சமாகும்.” ஹைவேயில் ஓடும். என் வண்டி ஓடுவது பாறைக்குழிக்குள். அங்கே தேய்ந்து சாகிற டயரைவிடக் கிழிந்து சாகிற டயர்தான் அதிகம். எனக்கு வேண்டியது பக்கவாட்டில் கனமான நைலான் டயர். தரையைக் கடிக்கிற ரப்பர் பட்டன் ஆழமாக இருக்க வேண்டும், இரண்டு பட்டனுக்கும் நடுவே கல் மாட்டிக்கொள்ளாத அகலம் இருக்க வேண்டும். இதையெல்லாம் சொன்னேன். அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது பாருங்கள், குழந்தை ரைம்ஸ் சொன்னால் பெரியவர்கள் சிரிப்பார்களே, அந்தச் சிரிப்பு.

அப்புறம் நான் கேட்டதையே எடுத்துவந்து உருட்டினார். குனிந்து பக்கவாட்டில் இருக்கிற நம்பரைப் படித்தேன். எந்த வாரம், எந்த வருஷம் செய்தது என்பது அதிலேயே இருக்கும். இரண்டு வருஷமாக குடோனில் கிடந்த சரக்கு! “இதை உங்க வண்டிக்கு மாட்டிக்குங்க”ன்னு சொன்னேன். கடையில் இருந்த இரண்டு டிரைவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். போன மாதம் செய்த டயர் வெளியே வந்தது. இருப்பதிலேயே உசத்தி, குவாரிக்கென்றே செய்தது.

இரண்டு போதும் என்றேன். “எடுக்கறது நாலா எடுத்துக்கலாமேம்மா. இந்த உசத்தி வேண்டாம், நடுத்தரமா நாலு தர்றேன்” என்று இழுத்தார். வியாபாரி புத்தி எங்கே போகும்? கல் கடிப்பது வெளி டயரை. உள் டயர் பாவம், நிழலில் ஓடுகிறது. அதற்கு எதற்குப் புதுசு? நடுத்தரம் நான்கைவிட முதல் தரம் இரண்டு மேல். இந்தக் கணக்கு ஒரு ஆம்பளை ஓனருக்கும் தோன்றியதில்லை.

ஜூன் 5, திங்கள்

கோயாவின் பஞ்சர் கடையில் டயர் மாட்டினோம். பாலக்காட்டுக்காரன், கை சுத்தம், வாய்தான் நிற்காது. வலதுபக்கம் மாட்டி முடித்ததும் ஓர் இரும்புப் பட்டையை எடுத்து உள் டயருக்கும் வெளி டயருக்கும் குறுக்கே வைத்துக் குனிந்து குனிந்து பார்த்தான்.

“சேச்சி, உயரம் சேரல. வெளியே உள்ளது ஒரு விரக்கடை உசரமா நிக்குது.”

“புது டயர் உசரமாத்தான் நிக்கும். தேய்ஞ்ச டயர் குட்டையாத்தான் இருக்கும். இதுக்கு எதுக்குப் பட்டை?”

“இல்ல சேச்சி, ஜோடின்னா…”

கடை ஓரத்தில் பழசின் மேல் புது ரப்பர் ஒட்டி ரீட்ரேட் செய்த டயர்கள் நான்கை அடுக்கி வைத்திருக்கிறான். அவற்றில் இரண்டை என் தலையில் கட்டப் பார்க்கிறான், வேறென்ன? “உன் வேலை மாட்டறது, மாட்டு” என்றேன். மாட்டினான். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் மாட்டினான்.

காத்தவராயனுக்கு டயர் பிடித்துவிட்டது. என் டிரைவர், துறையூர்ப் பக்கத்துக்காரன். சுற்றிச் சுற்றி வந்து பட்டனுக்குள் விரலை விட்டுப் பார்த்தான். “அக்கா, மலையே ஏறலாங்க்கா” என்றான். அவனுக்காவது ரசனை இருக்கிறது.

ஜூன் 6, செவ்வாய்

மாவு மிஷினில் இன்றும் கரண்ட் இல்லை. டயர் அருமை.

ஜூன் 11, ஞாயிறு

லாரி ஓனர்கள் சங்கக் கூட்டம். நாற்பது ஆண்கள், நான் ஒருத்தி. டயர் செலவைப் பற்றி ஆளாளுக்கு அழுதார்கள். நான் எழுந்து என் வழியைச் சொன்னேன். வெளியே உசத்தி, உள்ளே பழசு. பெரிய அண்ணன் காளியண்ணன் பின்வரிசையில் உட்கார்ந்து பக்கத்து ஆளிடம் என்னமோ சொல்லிச் சிரித்தார். நான் பேச்சை நிறுத்தி, “என்னன்னு எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொல்லுங்கண்ணா” என்றேன். வாயை மூடிக்கொண்டார்.

குவாரி மேனேஜர் தங்கராசும் வந்திருந்தார். “டயர் விஷயத்துல சம்பூர்ணம் அக்காவை அடிச்சுக்க ஆளில்லை” என்று எல்லார் முன்னாலும் சொன்னார். மற்ற நாளில் மனுஷன் உம்மணாமூஞ்சி. இன்றைக்கு அவர் பேசியதில் நியாயம் இருந்தது.

மாங்காய் நறுக்கி உப்பில் போட்டாயிற்று. எட்டு கிலோ.

ஜூன் 14, புதன்

காலையில் கரண்ட் ஆபீஸில் ஒரு மணி நேரம் நிற்கவைத்தார்கள். கடைசியில் “இந்த கவுன்டர் இல்லம்மா” என்றான் ஒருவன். அவனுடைய ஏழு தலைமுறையையும் விசாரித்துவிட்டு வந்தேன். வந்த வேகத்தில் வாசலில் காத்தவராயன் நிற்கிறான்.

“அக்கா, டயர் விஷயமா ஒண்ணு…”

“டயர் விஷயமா நீ எனக்குச் சொல்லித் தர்றியா? நீயுமா?”

“இல்லீங்க்கா.”

“பின்ன?”

“ஒண்ணுமில்லீங்க்கா” என்று சாவியை வாங்கிக்கொண்டு போய்விட்டான். ஒன்றுமில்லை என்றால் எதற்கு வந்தான்? இந்த டிரைவர்களுக்கு எதையாவது ஆரம்பித்துவிட்டுப் பாதியில் விடுவதே வழக்கமாகிவிட்டது.

ஜூன் 19, திங்கள்

காலை பதினொரு மணி. பாறைக்குழியிலிருந்து கல் ஏற்றிக்கொண்டு மேடு ஏறும்போது வலது பின்பக்கம் வெளி டயர் வெடித்துவிட்டது. புது டயர்! வண்டி பின்னால் நழுவி, மண்மேட்டில் சாய்ந்து, பாதிக் கல்லும் கொட்டிவிட்டது. காத்தவராயனுக்கு இடது கை முறிந்துவிட்டது. நெற்றியில் ஆறு தையல். உயிர் பிழைத்தது சாமி புண்ணியம்.

ஆஸ்பத்திரியில் அவன் மனைவி அஞ்சலை என்னைப் பார்த்ததும் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்கு அழுகை வந்தது. அழுகையோடு கோபமும் வந்தது. பதினாலு நாள் ஓடிய டயர்! இதுக்கா நான் வார நம்பர் பார்த்து வாங்கினேன்?

ஜூன் 20, செவ்வாய்

அநியாயத்துக்கு ஓர் அளவு வேண்டாமா?

தங்கராசு காத்தவராயனின் கேட் பாஸைப் பிடுங்கிவிட்டார். மேட்டில் வேகமாக ஏற்றினான் என்று யாரோ ஒரு வாட்ச்மேன் சொன்னானாம். இந்தக் குவாரியில் பாஸ் போனால் சுற்றுவட்டாரத்தில் எந்தக் குவாரியிலும் ஓட்ட முடியாது. எல்லா மேனேஜரும் ஒரே வாட்ஸ்அப் குரூப்பில் இருக்கிறார்கள். பேரை அதில் போட்டார்கள் என்றால் முடிந்தது. பிறகு அவன் கூலிக்குக் கல்தான் உடைக்க வேண்டும், அதற்கும் இரண்டு கை வேண்டும்.

“லோடு ஏத்திட்டு அந்த மேட்டுல எவனாச்சும் வேகமாப் போக முடியுமாங்க? ஆமை மாதிரி ஏறும்” என்று கேட்டேன்.

“டயர் கோளாறுன்னு கம்பெனி எழுதிக் குடுத்தா பாஸைத் திருப்பித் தர்றேங்க்கா. இல்லைன்னா டிரைவர் தப்புத்தான். ஜூலை மூணாந்தேதி ஓனருங்க கமிட்டி கூடுது, அதுக்குள்ள பேப்பர் கொண்டாங்க.”

கொண்டுவருகிறேன். கம்பெனியை உண்டு இல்லை என்று பண்ணுகிறேன்.

ஜூன் 21, புதன்

வெடித்த டயரை ஆட்டோவில் ஏற்றிப் பொன்னுரங்கம் கடை வாசலில் போட்டேன். வாசலில், எல்லாரும் பார்க்கிற மாதிரி. “உசத்தி டயர் பதினாலு நாள்ல வெடிச்சிருக்கு, ஒரு ஆள் கையை உடைச்சிருக்கு, பாருங்க” என்று ரோட்டில் போகிறவர்களுக்கும் சொன்னேன். பொன்னுரங்கம் கைகூப்பாத குறை. டயரைச் சோதிக்கக் கம்பெனி ஆளை வரவழைக்கிறேன் என்று சொல்லி, புகாரை எழுதி வாங்கிக்கொண்டார்.

“அம்மா, உள்ள இருந்த ஜோடி டயர் எது?” என்று கேட்டார்.

“அதுக்கென்ன, அது பத்திரமா இருக்கு. வெடிச்சது உங்க டயர்” என்றேன்.

ஜூன் 23, வெள்ளி

கம்பெனிக்கு இரண்டு முறை போன் செய்தேன். இரண்டு முறையும் பாட்டுப் போட்டுக் காக்கவைத்தார்கள்.

ஜூன் 28, புதன்

இன்று கம்பெனி ஆள் வந்தது. ஆள் என்றால் பெண்! ரெஜினா என்று பேர், முப்பது வயதுகூட இருக்காது. காலில் கனமான ஷூ, கையில் டார்ச், சாக்பீஸ், அளவு நாடா. எனக்கு அவளைப் பார்த்ததும் அப்படியொரு சந்தோஷம். அவளை இருக்கையில் உட்காரவைக்க ஓடிய பொன்னுரங்கத்திடம், “அவங்க வேலை பாக்க வந்திருக்காங்க” என்றேன்.

டயர் பிளந்த இடத்தைப் பார்த்தாள். உள்ளே கையை விட்டுத் தடவினாள். மூக்கைக் கிட்டத்தில் வைத்து முகர்ந்தாள். ஓரம் முழுக்க ரப்பர் கொதித்து அடுக்கு அடுக்காகப் பிரிந்திருந்தது. “இதோட ஜோடி எங்கே மேடம்?” என்றாள். கோயா கடையில் நிற்கிற வண்டிக்குக் கூட்டிப் போனேன். உள் டயரைக் கழற்றச் சொன்னாள், நாடாவைச் சுற்றி அளந்தாள். இடதுபக்கத்து ஜோடியையும் அளந்தாள். எல்லாவற்றையும் டயர் மேலேயே சாக்பீஸால் எழுதினாள். கோயா வாயைத் திறக்கவில்லை, அதுவே அதிசயம்.

அப்புறம் என்னைப் பார்த்து மெதுவாகச் சொன்னாள்: “மேடம், இது நல்ல டயர். டயர்ல கோளாறு இல்ல. உள்ள இருக்கிறது குட்டை, அது தரையைத் தொட்டும் தொடாமலும் சும்மா சுத்திருக்கு. ரெண்டு டயர் தாங்க வேண்டிய பாரத்தை இது ஒண்ணே தாங்கிருக்கு. கொதிச்சு, பிரிஞ்சு, வெடிச்சிடுச்சு.”

“குவாரிக்குன்னு செஞ்ச டயர்தானே, தாங்க வேண்டியதுதானே?”

“எந்த டயரும் தாங்காது மேடம். ஜோடியா மாட்டியிருந்தா மூணு வருஷம் ஓடியிருக்கும்.”

“டிரைவர் வேகமா ஓட்டினானா?”

“அதுக்கான அடையாளம் எதுவும் இல்ல. அவரால இது வெடிக்கல.”

எனக்கு என்ன வந்ததோ தெரியவில்லை. கம்பெனிச் சம்பளம் வாங்குகிறவள் கம்பெனிக்குத்தான் பேசுவாள் என்று அவள் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டேன். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. ரிப்போர்ட் சனிக்கிழமை வரும் என்று சொல்லிவிட்டுத் தன் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஜூன் 29, வியாழன்

மாங்காயைக் கிளறிவிட்டேன். மிளகாய்த்தூள் பத்தவில்லை.

ஜூன் 30, வெள்ளி

வீட்டுக் கொல்லையில் முருங்கைக் கிளை ஒடிந்து கிடந்தது, வெட்டிப் போட்டேன். துணி துவைத்தேன். இவர், “ரிப்போர்ட் என்னாச்சு?” என்று கேட்டார். வந்தால் சொல்ல மாட்டேனா என்று கத்தினேன். இவருக்கு எப்போது எதைக் கேட்பதென்றே தெரியாது.

ஜூலை 1, சனி

ரிப்போர்ட் வந்துவிட்டது. ஒரே பக்கம். டயரில் உற்பத்திக் குறை இல்லை, உயரம் பொருந்தாத ஜோடி, பராமரிப்புத் தவறு. அவ்வளவுதான் மூன்று வரி. ஒரு நல்ல டயரைச் செய்யத் தெரியாதவர்களுக்கு எழுத மட்டும் தெரிகிறது.

தங்கராசு போன் செய்தார். பேப்பர் வந்ததா என்றார். திங்கட்கிழமை வருகிறேன் என்றேன்.

யோசித்துப் பார்த்தேன். கம்பெனி மறுத்துவிட்டது என்று சொல்லலாம். அது பொய் இல்லை. கம்பெனி மறுத்துத்தான் இருக்கிறது. யார் தப்பு என்று கமிட்டி கேட்டால், அதைக் கமிட்டிதான் கண்டுபிடிக்க வேண்டும். நான் ஒரு வார்த்தை யாரைப் பற்றியும் தப்பாகச் சொல்லப்போவதில்லை. சங்கத்தில் நாற்பது பேர் முன்னால் பேசியவள் நான். காளியண்ணன் சிரிப்பதற்கு நான் எதற்கு வாசல் திறந்துவிட வேண்டும்? வண்டியை விற்றுவிட்டுப் போ என்று சொல்லக் காத்திருக்கிறார்கள்.

காத்தவராயனுக்கு வேறு வேலை பார்த்துத் தரலாம். அரிசி மில்லில் சொல்லிப் பார்க்கலாம்.

ஜூலை 2, ஞாயிறு

காத்தவராயன் வந்தான். கழுத்திலிருந்து கட்டுப்போட்ட கை தொங்குகிறது. சட்டையின் ஒரு பக்கம் மட்டும் மாட்டியிருந்தான். நாளைக்கு வரட்டுமா என்று கேட்க வந்தானாம்.

“நீ எதுக்கு? வீட்டுல இரு.”

“இல்லீங்க்கா, வந்து வெளிய நிக்கறேன். ஊர்ல எல்லாரும் சொல்றாங்க, டிரைவருக்காக எந்த ஓனரும் இப்படிச் சண்டை போட்டதில்லைன்னு. டயர்க் கடை வாசல்லயே நீங்க…” அவனுக்குக் கண் கலங்கியிருந்தது.

மோர் கொடுத்தேன். குடித்துவிட்டுப் போனான். அவன் போன பிறகு, ரிப்போர்ட் நினைப்பிலேயே அந்த டம்ளரை நான்கு முறை கழுவினேன். இது என்ன பழக்கமோ.

ஜூலை 3, திங்கள்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

ரிப்போர்ட்டை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டுதான் போனேன். வெளியே எடுக்கிற எண்ணம் இல்லை. குவாரி ஆபீஸில் தங்கராசு, காளியண்ணன், இன்னும் மூன்று ஓனர்கள். ஜன்னலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் காத்தவராயன்.

“பேப்பர் என்னாச்சுங்க்கா?” என்றார் தங்கராசு.

“கம்பெனி மறுத்துருச்சு.”

“அப்ப டயர்ல கோளாறு இல்ல.”

“இல்லைங்கறாங்க.”

தங்கராசு மற்றவர்களைப் பார்த்துக் கையை விரித்தார். “டயர் நல்ல டயர். மாட்டினது சம்பூர்ணம் அக்கா. டயர் விஷயத்துல அவங்க மேல ஒரு குத்தம் சொல்ல முடியுமா நம்மால? அப்ப மிச்சம் யாரு? டிரைவர்தான்.” பாஸை எடுத்து மேஜை மேல் வைத்துக் கத்தரிக்கோலைத் தேடினார். காளியண்ணன்கூடத் தலையை ஆட்டினார். என் அண்ணன், ஜென்மத்தில் முதல் முறையாக, நான் தப்புப் பண்ண மாட்டேன் என்று தலையை ஆட்டுகிறார்!

எனக்குச் சுள்ளென்று வந்தது. என்னைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல இவர்களுக்கு யார் அதிகாரம் கொடுத்தது? என் பேரை எடுத்து ஒருத்தன் பிழைப்பில் மண்ணைப் போடுவதற்கு இவர்கள் யார்? மேஜையைத் தட்டினேன். தட்டிய பிறகுதான் தட்டியது தெரிந்தது.

“கத்தரிக்கோலைக் கீழ வைங்க. அவன் மேல தப்பில்ல. தேய்ஞ்ச டயர் பக்கத்துல புது டயரை மாட்டினேன். ஒரு விரக்கடை உசரம் வித்தியாசம். மொத்த லோடும் புது டயர் மேல இறங்கி வெடிச்சிருச்சு. மாட்டச் சொன்னது நான். வேண்டாம்னு சொன்னவங்களைத் திட்டினதும் நான். படிங்க.” ரிப்போர்ட்டைப் பிரித்துப் போட்டேன்.

தங்கராசு படித்தார். மூன்று வரி படிக்க அத்தனை நேரம் எடுத்துக்கொண்டார். காளியண்ணன் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் எனக்குத் தேவலை.

பாஸைத் திருப்பித் தந்துவிட்டார்கள். என் வண்டி ஆறு மாதத்துக்கு உள்ளே வரக்கூடாது என்றார்கள். ஆகட்டும், பார்த்துக்கொள்கிறேன் என்று எழுந்து வந்தேன்.

வேப்பமரத்தடியில் பாஸை அவன் சட்டைப் பையில் வைத்தேன். கை சரியாகிற வரைக்கும் சம்பளம் நான் தருகிறேன், ஆறு மாதம் ஜல்லி லோடு வெளியில் அடிக்கலாம், வண்டியை நாளைக்கே சரி பண்ணச் சொல்கிறேன் என்று சொல்லிக்கொண்டே போனேன். ஜன்னல் திறந்துதான் இருந்தது. நான் உள்ளே பேசியது அவனுக்குக் கேட்டிருக்கும். நன்றி சொல்வான் என்று எதிர்பார்த்தேனா, தெரியவில்லை. எதிர்பார்த்தேன்.

“கை சரியானதும் நான் வேற வண்டிக்குப் போறேங்க்கா” என்றான்.

“ஏன்? அதான் என் தப்புன்னு சொல்லிட்டேனே?”

“அதுக்கில்லீங்க்கா.” கீழே பார்த்துக்கொண்டு சொன்னான். “எனக்கு நாலாம் நாளே தெரியுங்க்கா. மேடு ஏறி வந்து தொட்டுப் பார்த்தா வெளி டயர் கொதிக்கும், கை வைக்க முடியாது. உள் டயர் ஜில்லுனு இருக்கும். ஒவ்வொரு நடைக்கும் ரெண்டு குடம் தண்ணி ஊத்தி ஊத்தித்தான் ஓட்டினேன். அன்னைக்கு டேங்குல தண்ணி இல்லீங்க்கா.”

பத்து நாள்! கொதிக்கிற டயர் மேல் உட்கார்ந்து இவன் பத்து நாள் மேடு ஏறியிருக்கிறான். உயிர் போயிருந்தால்? அஞ்சலைக்கு நான் என்ன பதில் சொல்லியிருப்பேன்?

“தெரிஞ்சும் ஏன்டா என்கிட்ட சொல்லல? வாயில என்ன கொழுக்கட்டையா? சொல்றதுக்கென்ன கேடு?” என்று கத்தினேன். ஆபீஸ் ஜன்னலில் தலைகள் தெரிந்தன. கேட்டில் நின்ற வாட்ச்மேன் திரும்பிப் பார்த்தான்.

காத்தவராயன் ஓர் அடி பின்னால் போயிருந்தான். கட்டுப்போட்ட கையை நல்ல கையால் பிடித்துக்கொண்டு நின்றான்.

“இதுக்குத்தாங்க்கா” என்றான்.

பஸ்ஸில் கண்டக்டர் என்னை ஒரு ஸ்டாப் தள்ளி இறக்கிவிட்டான். அவனை ஒரு வார்த்தை திட்டாமல் நடந்து வீடு வந்து சேர்ந்தேன்.